மஞ்சள் ராஸ் தூங்கப் போகும் நேரம்: கடல்நீர்த் தொட்டிக்கு விளக்கு அட்டவணை போட்ட அனுபவம்

சென்னை கொளத்தூரில் மஞ்சள் ராஸ் என்ற கடல் மீன் ஒன்று வாங்கி வந்தேன். விரல் நீளம்தான் இருக்கும், எலுமிச்சம்பழத் தோல் நிறம், முதுகுத் துடுப்பில் கறுப்புப் பொட்டுகள். ஒன்றரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக எங்கள் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்கி உள்ளே விட்டதும், மூக்கைக் கீழே குத்தி ஒரே பாய்ச்சலில் மணலுக்குள் போய்விட்டது. இது தெரிந்ததுதான். இந்த வகை ராஸ் பயந்தாலும் மணலுக்குள் போகும், தூங்கவும் மணலுக்குள்தான் போகும், அதற்காகவே இரண்டரை அங்குலத்துக்கு மெல்லிய மணல் போட்டு வைத்திருந்தேன். நான் எதிர்பாராதது அடுத்த சில நாளில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றே முக்கால், தொட்டியில் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிகிறது, மற்ற மீன்கள் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன, இது மட்டும் ஒரு மூலையில் இரண்டு முறை வட்டமடித்துவிட்டு மணலுக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு வெளியே வரவே இல்லை. மறுநாள் காலை நாலரைக்கு அம்மா எழுந்து ஹால் லைட்டைப் போட்டபோது அது ஏற்கெனவே கண்ணாடி ஓரமாக நீந்திக்கொண்டிருந்திருக்கிறது. "ராத்திரியெல்லாம் தூங்கலியா இந்த மஞ்சள் மீன்?" என்று கேட்டார்கள்.

நோய் என்று பயந்து கடைக்காரரிடம் போன் போட்டேன். "இந்தோனேசியா சரக்கு சார், வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. அதுக்கு இன்னும் அங்க நேரம்தான் ஓடுது, விடுங்க சரியாயிடும்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலிப் பக்கம் என்று வைத்துக்கொண்டால் அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். மாலை ஆறே காலுக்கு அங்கே சூரியன் மறையும்போது சென்னையில் மூன்றே முக்கால். மீன் மிகச் சரியாகத் தன் ஊர் நேரத்துக்குத் தூங்கப் போயிருக்கிறது! என் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிவதைக்கூட அது நம்பவில்லை, உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தைத்தான் நம்பியது. பன்னிரண்டு நாள் ஆனது என் அட்டவணைக்கு வந்து சேர. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் போய்க் கடைசியில் இரவு எட்டு மணி வாக்கில் நின்றது. அன்றிலிருந்து அது மணலுக்குள் போகும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். கடல்நீர்த் தொட்டி விளக்கைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த நோட்டில் இருக்கிறது.

தொட்டி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கிட்டத்தட்ட 180 லிட்டர். கீழே சம்ப் என்கிற வடிகட்டித் தொட்டி, அழுக்கை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், தண்ணீரைக் குளிர வைக்க ஒரு சின்ன சில்லர். ஆர்ஓ தண்ணீரில் செயற்கை உப்பு கலந்து 1.025 அடர்த்தியில் வைத்திருக்கிறேன். உள்ளே அப்போது ஒரு ஜோடி கோமாளி மீன், பச்சை குரோமிஸ் என்ற சின்ன மீன் மூன்று, இந்த ராஸ், ஒரு பபிள் டிப் அனிமோன் (கடல் சாமந்தி), பாறையில் அதற்கு உறவான மெல்லுடல் உயிர்கள் பட்டன் பாலிப்பும் மஷ்ரூமும். கல் பவளம் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. பாறையைக் கட்டும் பவள இனங்கள் அத்தனையும் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் விசிறியும் அப்படித்தான். யாராவது ரகசியமாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், மன்னார் வளைகுடாவில் அது உயிரோடு இருப்பது நம் ஹாலில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். கோமாளி மீன் ஜோடி பொரிப்பகத்தில் பிறந்தது. அதைப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுக்க முடியும் என்று மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் பல வருடம் முன்பே செய்து காட்டிவிட்டார்கள். எங்கள் ஜோடி வந்த முதல் நாளே ஹால் நேரத்துக்குப் பழகிக்கொண்டது.

முதலில் இருந்தது கடையில் கிடைக்கும் சாதாரண எல்இடி பெட்டி விளக்கு. அதில் நீலத்துக்கு ஒரு வயர், வெள்ளைக்கு ஒரு வயர். இரண்டுக்கும் ஆளுக்கொரு முள் டைமர் போட்டிருந்தேன். வட்டமாக இருக்கும், சுற்றிலும் 96 சின்ன முள், ஒவ்வொன்றும் கால் மணி நேரம், கீழே அழுத்தினால் அந்தக் கால் மணி நேரம் கரண்ட் போகும். நீலம் காலை பத்து முதல் இரவு பத்து வரை, வெள்ளை பதினொன்று முதல் ஒன்பது வரை. ரொம்ப நம்பகமான சாமான் என்று நினைத்திருந்தேன், உள்ளே ஓடுவது ஒரு சின்ன மோட்டார் மட்டும்தானே. பிரச்சினையும் அதேதான். கரண்ட் இருந்தால்தான் அந்த மோட்டார் சுற்றும். கரண்ட் போனால் டைமரின் கடிகாரமும் நின்றுவிடும், திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து ஓடும்.

ஏப்ரல், மே மாதத்தில் எங்கள் தெருவில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று கரண்ட் போவது சகஜம். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை மின்தடை. அந்த வாரம் நான் ஊரில் இல்லை. நான்கு நாள் கழித்து நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், இருட்டு ஹாலில் தொட்டி மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. அந்த ஐந்து மணி நேரமும், அதற்கு முன்னால் சில்லறையாகச் சேர்ந்ததும் கூடி, விளக்கு மதியம் மூன்றரைக்கு மேல் எரிய ஆரம்பித்து விடியற்காலை வரை போயிருக்கிறது. பட்டன் பாலிப் பாதி மூடியிருந்தது. பாறை முழுக்க முடிப்பாசி, நகக்கண் நீளத்துக்கு. கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் ஒரு பக்கக் கண்ணாடியில் விழும், அதோடு இந்த ராத்திரி விளக்கும் சேர்ந்ததில் தொட்டிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு மணி நேரம் ஏதோ ஒரு வெளிச்சம் கிடைத்திருக்கிறது. ராஸ் மட்டும் மணலுக்குள் இருந்தது. எட்டு மணிக்கே போய்விட்டதாக அம்மா சொன்னார்கள். தலைக்கு மேல் விளக்கு எரிய எரிய.

அந்த ராத்திரிதான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

சரி, எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும்? இதற்குக் கடலைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் டிசம்பர் பகல் ஏறக்குறைய 11 மணி 20 நிமிடம், ஜூன் பகல் 12 மணி 50 நிமிடம். நிலநடுக்கோட்டுக்கு இன்னும் பக்கத்தில் போனால் வருடம் முழுக்கப் பன்னிரண்டுதான். அப்படியானால் விளக்கும் பன்னிரண்டு மணி நேரம் எரியட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம், நானும் நினைத்தேன். ஆனால் சூரியன் பன்னிரண்டு மணி நேரமும் ஒரே மாதிரி எரிவதில்லை. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயிலில் கணிசமான பங்கு நீர்ப்பரப்பில் பட்டே திரும்பிவிடும், நடுவில் ஐந்தாறு மணி நேரம்தான் உள்ளே பலமாக இறங்கும். என்னுடைய பழைய விளக்கோ பத்து மணிக்கு டப்பென்று முழுசாக எரிந்து, இரவு டப்பென்று அணைந்தது. அது பகலே இல்லை, பன்னிரண்டு மணி நேர நடுப்பகல்.

அனிமோன், பட்டன் பாலிப், மஷ்ரூம் எல்லாவற்றின் சதைக்குள்ளும் சூசாந்தெல்லே என்கிற நுண்பாசி குடியிருக்கிறது. பகலில் அது ஒளியை வாங்கிச் சர்க்கரை செய்து பெரும்பங்கை வீட்டுக்காரருக்கே கொடுத்துவிடும். ஒளி ஓரளவுக்கு மேல் போனால் அந்த வேலை அதற்கு மேல் அதிகமாகாது, கை நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் தாண்டிக் கொட்டினால் திசுவைக் கெடுக்கும் ஆக்சிஜன் வகைகள் உண்டாகும், வீட்டுக்காரர் குடித்தனக்காரரையே வெளியேற்றிவிடுவார். வெளுத்துப்போவது என்று சொல்கிறோமே, அது இதுதான். ஆனால் முடிப்பாசி அவ்வளவு சீக்கிரம் சளைக்காது. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும்வரை, கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு லாபம்தான். விளக்கைக் குறைத்தால் மட்டும் பாசி போய்விடும் என்று சொல்ல மாட்டேன், எங்கள் தொட்டியிலும் தீனியைக் குறைத்து, கையால் பிடுங்கி, வாரம் இருபது லிட்டர் தண்ணீர் மாற்றிய பிறகுதான் அடங்கியது. ஆனால் விளக்கு ஒழுங்காக இல்லாமல் மற்றதெல்லாம் செய்தும் பிரயோஜனம் இல்லை என்பதையும் பார்த்துவிட்டேன்.

டைமரை மட்டும் மாற்றி, உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் போட்டிருந்தாலே நேரம் நகர்ந்துபோகும் தொல்லை தீர்ந்திருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான், முள் டைமர் வாங்கவே வாங்காதீர்கள். ஆனால் எனக்கு விடியலும் சாயங்காலமும் வேண்டும், வெளிச்சம் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அதற்குக் கையால் செய்வது என்று இறங்கினேன்.

சாமான் இவ்வளவுதான்: சூட்டை வெளியேற்ற அலுமினிய ஹீட்சிங்க், அதில் 36 எல்இடி, 24 ராயல் நீலம், 12 வெள்ளை, பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று வரிசை. 48 வோல்ட் பவர் சப்ளை. ஒவ்வொரு வரிசைக்கும் 700 மில்லி ஆம்பியர் கொடுக்கும் டிரைவர் ஒன்று. நேரம் பார்த்து டிரைவர்களுக்குக் கட்டளை கொடுக்க இஎஸ்பி32 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று. நீலம் ஏன் இரண்டு மடங்கு என்றால், ஆழம் போகப் போகச் சிவப்பு முதலில் அடங்கிவிடும், நீலம்தான் கடைசிவரை இறங்கும், இந்த உயிர்களின் பாசி பழகியதும் அந்த 450 நானோமீட்டர் சுற்று வெளிச்சத்துக்குத்தான். வெள்ளை நம் கண்ணுக்காக.

கரண்ட் போனாலும் நிற்காத கடிகாரம்தான் இதில் உயிர்நாடி. இஎஸ்பி32 வைஃபையில் நேரம் வாங்கிக்கொள்ளும், ஆனால் கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்து நெட் வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், சில நாள் வரவே வராது. அதனால் டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் சேர்த்தேன். பட்டன் செல்லில் ஓடும், வருடத்துக்கு ஒரு நிமிடம் கூடக் குறையப் பிசகினால் அதிகம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் மாட்யூல்களில் சார்ஜ் ஏறும் பேட்டரிக்கான சர்க்யூட் இருக்கும், நாம் போடுவதோ சார்ஜ் செய்யக் கூடாத சாதாரண சிஆர்2032. 5 வோல்ட்டில் இணைத்தால் அது அந்த செல்லுக்குள் கரண்டைத் தள்ளப் பார்க்கும், செல் உப்பிவிடும். அந்தப் பாதையில் இருக்கும் சின்ன ரெசிஸ்டரைச் சால்டரிங் அயர்னால் எடுத்துவிட்டேன். 3.3 வோல்ட்டில் இணைத்தால் தொல்லை இல்லை, இருந்தாலும் எடுத்துவிடுவது நிம்மதி.

புரோகிராம் எளிதுதான். நள்ளிரவிலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று பார்த்து, ஏறும் நேரத்தில் இருந்தால் சதவீதம் கணக்கிட்டு அனுப்பும். முதலில் நேர்கோட்டில் ஏற்றினேன், அது தவறு. பூஜ்யத்திலிருந்து ஐந்து சதவீதம் போனாலே கண்ணுக்குப் பாதி வெளிச்சம் வந்த மாதிரி இருக்கிறது, கடைசியில் ஐம்பதிலிருந்து அறுபது போவது தெரியவே இல்லை. விடியலின் முதல் இரண்டு நிமிடத்திலேயே குரோமிஸ் மூன்றும் பாறைக்குள்ளிருந்து பதறி ஓடி வந்தன. 256 படி போதாமல் 4096 படிக்கு மாற்றி, வெளிச்சத்தை வர்க்கக் கணக்கில், அதாவது ஆரம்பத்தில் மிக மெல்லவும் போகப் போக வேகமாகவும் ஏறும்படி எழுதினேன். அதற்கப்புறம் காலையில் பார்த்தால், நீலம் வருவதே தெரியாமல் வந்து, பாறையின் ஓரம் முதலில் தெரிந்து, பிறகு கோமாளி மீனின் வெள்ளைப் பட்டை மட்டும் தெரிந்து, பட்டன் பாலிப் ஒவ்வொன்றாக மொட்டு விரிவது போல விரிய இருபது நிமிடம் ஆகும். காபி டம்ளரோடு உட்கார்ந்து அதைப் பார்த்த முதல் நாள் எனக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இரண்டாவது வாரம் ஒரு குரோமிஸைப் பறிகொடுத்தேன். காலையில் தொட்டிக்குப் பின்னால் தரையில் காய்ந்து கிடந்தது. மூடி வலையின் ஒரு மூலை விலகியிருந்தது, அது என் கவனக்குறைவு. ஆனால் இரண்டு வருடமாகக் குதிக்காத மீன் அன்று ஏன் குதித்தது என்று புரியவில்லை. அன்று இரவு இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போய் வந்தது என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு ஹாலை இருட்டாக்கி, கண்ட்ரோலரின் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகிப் பார்த்தேன். வெல்டிங் வைத்த மாதிரி 36 எல்இடியும் முழு பலத்தில் ஒரு நொடி எரிந்து அணைந்தன. அவ்வளவுதான், காரணம் கையில் இருந்தது. இந்த வகை டிரைவரில் மங்கலாக்கும் கட்டளை வரும் காலில் (பின்) எதுவும் இணைக்காமல் விட்டால் முழுசாக எரி என்று அர்த்தம். இஎஸ்பி32 எழுந்து தன் வேலையைத் தொடங்கும்வரை அதன் பின்கள் அந்தரத்தில்தான் நிற்கும். அந்த ஒரு நொடி டிரைவருக்கு முழுச் சுதந்திரம். இருட்டில் தூங்கிக்கொண்டிருந்த மீனுக்கு அது இடி விழுந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

மூன்று டிரைவரின் அந்தக் காலிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டேன். கட்டளை வராதவரை அது காலைக் கீழே பிடித்து வைத்திருக்கும், விளக்கு எரியாது. இருபது முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன், ஒரு மினுக்கு கூட இல்லை. புரோகிராமிலும் ஒன்று சேர்த்தேன். பட்டப்பகலில் கரண்ட் வந்தாலும் உடனே அறுபது சதவீதத்துக்குத் தாவாமல் பூஜ்யத்திலிருந்து பத்து நிமிடத்தில் ஏறும். மூன்று ரூபாய் சாமானை முதலிலேயே போட்டிருந்தால் அந்த மீன் இருந்திருக்கும். யாராவது இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால், எல்இடியை ஹீட்சிங்கில் ஒட்டுவதற்கு முன்னாலேயே இந்த ரெசிஸ்டரைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது பலம். என் கண்ணுக்குப் புது விளக்கும் பழைய விளக்கும் ஒரே மாதிரிதான் இருந்தன, அறுபது சதவீதத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் அனிமோன் சுருங்கி, பாதத்தைப் பாறையிலிருந்து விடுவித்து, மெல்ல மெல்ல நகர்ந்து பின்பக்க நிழலுக்குப் போய்விட்டது. அனிமோன் நடக்க ஆரம்பித்தால், தண்ணீரில் அலை உண்டாக்கும் பம்ப்பான வேவ்மேக்கரில் மாட்டிச் சின்னாபின்னமாகும் ஆபத்து உண்டு, உடனே வேவ்மேக்கருக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டினேன். அம்பத்தூரில் இருக்கும் ஒரு நண்பரிடம், ஒளிச்சேர்க்கைக்கு உதவும் வெளிச்சத்தை அளக்கும் பார் மீட்டர் இரவல் வாங்கி வந்து அளந்தபோது, நடுப்பாறையில் பழைய விளக்கு 70, புதியது 190. நீலம் நிறைய இருந்தால் நம் கண் குறைத்துத்தான் மதிப்பிடும், பாசிக்கோ அதுதான் முழுச் சாப்பாடு. செல்போனில் இருக்கும் லக்ஸ் ஆப்களும் கண்ணைப் போலத்தான், வெள்ளை விளக்கில் ஓரளவு கணக்கு வரும், நீலத்தில் சுத்தமாக ஏமாற்றும். இருபத்தைந்து சதவீதத்துக்கு இறக்கினால் 80 காட்டியது. அங்கிருந்து வாரத்துக்கு மூன்று சதவீதம் வீதம் மூன்று மாதம் ஏற்றினேன். ஐந்தாம் வாரம் அனிமோன் தானாகவே முன்பக்கம் வந்து, பழைய இடத்துக்கு நாலு விரல் மேலே உட்கார்ந்தது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறது, கோமாளி ஜோடியும் குடியேறிவிட்டது. மஷ்ரூமுக்கு இவ்வளவு பலம் ஆகாது, அதை மணலோரம் 50 இருக்கும் இடத்துக்கு இறக்கி வைத்தேன்.

இப்போது ஓடும் அட்டவணை இது. காலை பத்தரைக்கு நீலம் ஆரம்பித்துப் பன்னிரண்டுக்கு அறுபது சதவீதம். பன்னிரண்டரைக்கு வெள்ளை ஆரம்பித்து இரண்டு மணிக்கு முப்பத்தைந்து. ஏழரை வரை அப்படியே. ஏழரையிலிருந்து எட்டரைக்குள் வெள்ளை இறங்கி அணையும், எட்டரையிலிருந்து பத்துக்குள் நீலம் இறங்கும். பத்திலிருந்து பத்தரை வரை ஒரு சதவீத நீலம், அப்புறம் பன்னிரண்டு மணி நேரம் கும்மிருட்டு. சூரியன் ஆறுக்கு உதிக்கிறதே, பத்தரைக்கு ஏன் விடிய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. மீனுக்கு எந்த மணி என்பது கணக்கில்லை, தினமும் அதே மணி என்பதுதான் கணக்கு. நான் வீட்டில் இருப்பது மாலை ஏழுக்கு மேல், என் கண்ணுக்கும் கொஞ்சம் பகல் வேண்டும். ராத்திரி முழுக்க நிலா வெளிச்சம் என்று நீலத்தை எரியவிடுவதை நான் விட்டுவிட்டேன். கடலில் நிலா 29 சொச்சம் நாளில் தேய்ந்து வளர்ந்து ஒரு சுற்று வரும், தினமும் பௌர்ணமி கிடையாது.

இருட்டு என்று சொல்லிவிட்டேன், அதை ஏற்பாடு செய்வதுதான் பெரிய பாடாக இருந்தது. தொட்டி ஹாலில். அம்மா பதினோரு மணி வரை டிவி பார்ப்பார்கள், மனைவி அதற்கப்புறம் லேப்டாப்போடு உட்காருவாள். தொட்டியில் பத்தரைக்கு விளக்கு அணைந்தாலும் ஹால் டியூப்லைட் பன்னிரண்டு வரை எரியும், பிறகு அது டப்பென்று அணையும்போது தொட்டிக்குள் சலசலப்பு கேட்கும். டியூப்லைட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு மஞ்சள் பல்பு போட்டு, பத்துக்கு மேல் அதை மட்டும் எரிப்பது என்று வீட்டில் பேசி முடிவு செய்தோம். அம்மாதான் முதலில் ஒத்துக்கொண்டார்கள். "நமக்கு மட்டுமா தூக்கம், அதுங்களும் உசுருதானே" என்றார்கள். காலை வெயில் விழும் பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டினேன், அந்தப் பக்கம் வாராவாரம் சுரண்ட வேண்டியிருந்த பாசி இப்போது மாதம் ஒரு முறை போதும்.

சம்பில் கீட்டோ பாசி வளர்க்கும் பகுதிக்கு இதற்கு நேர் எதிரான அட்டவணை. இரவு ஒன்பதரையிலிருந்து காலை ஒன்பதரை வரை 18 வாட் பல்பு. பகலில் தொட்டி முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்து கார்பன் டை ஆக்சைடு செலவாவதால் பிஎச் ஏறும், இரவில் எல்லாம் மூச்சு மட்டும் விடுவதால் இறங்கும். முன்பு மாலை 8.2, விடியற்காலை 7.75 என்று இருந்தது. கீட்டோ ராத்திரி வேலை செய்ய ஆரம்பித்த மூன்றாம் வாரத்திலிருந்து விடியற்காலையில் 7.95-க்குக் கீழே போகவில்லை. ஒரு பல்புக்கு இது பெரிய லாபம். மாதம் இரண்டு முறை ஒரு கைப்பிடி கீட்டோவைப் பிடுங்கி எறிகிறேன், தண்ணீரிலிருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு போகிறது.

கோடையில் மட்டும் அட்டவணையை மாற்றுகிறேன். மே மாதம் மதியம் ஹாலே 34 டிகிரி, அந்த நேரத்தில் விளக்கும் முழு பலத்தில் எரிந்தால் சில்லர் நிற்காமல் ஓடும், அப்படியும் தண்ணீர் 28 தாண்டும். வெளிச்சமும் வெப்பமும் ஒன்றாக ஏறினால் அனிமோனுக்கு இரட்டைச் சுமை. அதனால் மொத்த அட்டவணையையும் ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி, நடுப்பகலை மூன்றரைக்கு மேல் வைக்கிறேன், அதற்குள் வெயில் தாழ்ந்துவிடும். ஒரே நாளில் தள்ளக் கூடாது, நாளைக்குப் பத்து நிமிடம் வீதம் ஒன்பது நாளில். பத்து நிமிடம் ஏன் என்றால் ராஸ் கொடுத்த கணக்குதான் அது. மூன்றே முக்காலிலிருந்து எட்டு வரை, நாலேகால் மணி நேரத்தை அது பன்னிரண்டு நாளில் கடந்தது, அதாவது நாளைக்கு ஏறக்குறைய இருபத்தொரு நிமிடம். அதில் பாதிக்கு மேல் அவசரப்படுத்த எனக்கு மனமில்லை.

போன மே மாதம் அந்த ஒன்பது நாளும் நோட்டும் கையுமாக உட்கார்ந்தேன். முதல் நாள் 7.52-க்கு மணலுக்குள் போனது. இரண்டாம் நாளும் 7.52. மூன்றாம் நாள் 8.05. பிறகு விளக்குக்கு ஒரு நாள் பின்னாலேயே வந்து, பதினோராம் நாள் 9.20-க்கு, வெள்ளை இறங்க ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனதும், வலது மூலையில் எப்போதும் போகும் அதே இடத்தில் இரண்டு வட்டம் அடித்து, பக்கவாட்டில் சாய்ந்து, வாலை இரண்டு தரம் உதறி உள்ளே இறங்கியது. மணல் கொஞ்ச நேரம் புகைந்து அடங்கியது. ஜூன் கடைசியில் திரும்பவும் பத்து நிமிடம் வீதம் முன்னால் கொண்டுவர வேண்டும், அதற்கான தேதியையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.